லுண்டிலிருந்து ஊர் திரும்பிவிடலாமா?

கேள்வி:

எனக்கு 24 வயது. மயிலாடுதுறை பக்கம் சொந்த ஊர். சென்னையில் பி.இ. முடித்து, இரண்டு வருடம் ஐ.டி. கம்பெனியில் இருந்துவிட்டு, போன ஆகஸ்டில் ஸ்வீடனில் லுண்ட் நகரத்துக்குப் பொறியியலில் எம்.எஸ்சி. படிக்க வந்தேன். இரண்டு வருடப் படிப்பு. அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார்.

முதல் மாதம் எல்லாமே அழகாக இருந்தது. இப்போது ஜனவரி. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. நான் இருக்கும் விடுதியில் ஒரு காரிடாருக்குப் பத்து அறை, ஒரு சமையலறை. ஐந்து மாதம் ஆகியும் 'ஹேய்' என்பதைத் தாண்டி யாரும் பேசுவதில்லை. தாளிக்கிற வாசனை அவர்களுக்குப் பிடிக்காதோ என்று பயந்து, எல்லோரும் போன பிறகு இரவு பத்து மணிக்குத்தான் சமைக்கிறேன். சாயங்காலம் முழுக்க அம்மாவோடும் சென்னைத் தோழிகளோடும் வீடியோ காலில் இருப்பேன். அவர்கள் தூங்கப் போன பிறகு என்ன செய்வதென்று தெரியாது. சனி, ஞாயிறில் பன்னிரண்டு மணி நேரம் தூங்குகிறேன்.

அக்டோபர் தேர்வில் ஒரு பாடம் போய்விட்டது. காலேஜில் ஒரு அரியர்கூட வைத்தவள் இல்லை நான். வீட்டில் சொல்லவில்லை. போன வாரம் துணி துவைக்கும் அறையில், என் துணி காய்ந்துகொண்டிருந்த இயந்திரத்தின் மேல் யாரோ சீட்டு ஒட்டியிருந்தார்கள். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். 'உன் நேரம் ஏழு மணிக்கே முடிந்துவிட்டது, மற்றவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பார்' என்று இருந்தது. அறைக்கு வந்து அழுதுவிட்டேன். இவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லையா? இது நிறவெறியா? படிப்பை விட்டுவிட்டு வந்துவிடலாம் போலிருக்கிறது.

- மா., லுண்ட்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போது வர வேண்டாம். வருவதா வேண்டாமா என்ற பேச்சையே ஜூன் மாதம் எடுத்துக்கொள்ளலாம். பாடம் போன கையோடு, தூக்கம் தாறுமாறாகிக் கிடக்கிற நேரத்தில், ஜனவரி இருட்டில் உட்கார்ந்து எடுக்கிற முடிவல்ல இது. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து எனக்கு வருகிற 'வந்துவிடவா' கடிதங்களில் பெரும்பகுதி நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் எழுதப்பட்டவைதான். அதே பிள்ளைகள் மே மாதம் எழுதினால் கோடை விடுமுறை வேலை பற்றித்தான் கேட்பார்கள்.

சீட்டிலிருந்து தொடங்குகிறேன். உங்களை உடைத்துப்போட்டது அதுதான் என்று தெரிகிறது. ஸ்வீடனில் குடியிருப்போ மாணவர் விடுதியோ, துணி துவைக்கும் அறை பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. முன்பதிவு செய்த நேரத்துக்குள் துவைத்து, காயவைத்து, உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் சேர்ந்திருக்கும் பஞ்சை வழித்து எடுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அடுத்தவர் துணிப் பையோடு வந்து நிற்கும்போது உங்கள் துணி உள்ளே சுற்றிக்கொண்டிருந்தால், அவர் உங்கள் கதவைத் தட்டிக் கேட்க மாட்டார். முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம். சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போய்விடுவார். நம் ஊர்க் குழாயடிச் சண்டையைத்தான் அவர்கள் சத்தமில்லாமல் காகிதத்தில் போடுகிறார்கள். சலவை அறைக் கோபச் சீட்டுகளைப் படம் பிடித்துப் பகிர்ந்து சிரிப்பது அந்த நாட்டில் பழகிப்போன ஒரு நகைச்சுவை. உங்கள் சீட்டை எழுதியவருக்கு உள்ளே கிடப்பது யாருடைய துணி என்பதுகூட அநேகமாகத் தெரிந்திருக்காது. இனிமேல் ஏழு மணிக்கு முடிகிற நேரம் என்றால் ஆறே முக்காலுக்குப் போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

ஸ்வீடனில் நிறவெறியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஒரே தகுதி காட்டி, ஒன்றில் ஸ்வீடன் பெயரும் இன்னொன்றில் அரபுப் பெயரும் போட்டு வேலைக்கு விண்ணப்பம் அனுப்பினால், அரபுப் பெயருக்குக் குறைவாகவே அழைப்பு வருகிறது என்பதை அங்குள்ள பொருளாதார ஆய்வாளர்களே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். வீடு தேடும்போதும் இதைப் பார்க்கலாம். 2009 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கும் பாகுபாட்டுத் தடைச் சட்டம் பல்கலைக்கழகத்தையும் கட்டுப்படுத்தும். யாராவது உங்கள் நிறத்தையோ நாட்டையோ சொல்லி ஏசினால், குழு வேலையிலிருந்து ஒதுக்கினால், மாணவர் சங்கத்தில் மாணவர்களுக்காகவே இருக்கும் ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போங்கள். அவர் பல்கலைக்கழக ஊழியர் அல்ல, உங்கள் பக்கம் நின்று பேசுவதுதான் அவர் வேலை. ஆனால் எதற்கும் முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: உங்களை மட்டும் அப்படி நடத்துகிறார்களா, எல்லோரையுமா? பேருந்தில் இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்று முழுதாகக் காலியாக இருக்கிறவரை, ஸ்வீடன்காரர் இன்னொரு ஸ்வீடன்காரர் பக்கத்திலும் போய் உட்கார மாட்டார்.

இனி உங்கள் சமையலறைக்கு வருகிறேன். நான் அதிக நேரம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

இப்போது உங்களுக்கும் ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அம்மா தூங்கப் போகிற பத்தரை மணி உங்களுக்கு ஆறு மணி. அதாவது வகுப்பு முடிந்து வந்ததிலிருந்து ஆறு மணி வரை கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இயர்போனோடு அறைக்குள் இருக்கிறீர்கள். அதன் பிறகு பத்து மணி வரை சமையலறை காலியாகக் காத்திருக்கிறீர்கள். ஸ்வீடன்காரர்கள் ஐந்து, ஐந்தரைக்கே அடுப்படிக்கு வந்து ஏழு, ஏழரைக்குள் சாப்பிட்டுப் பாத்திரத்தையும் கழுவி வைத்துவிடுகிற ஆட்கள். மற்ற ஒன்பது பேர் கண்ணுக்கு நீங்கள் எப்படித் தெரிவீர்கள்? அந்த அறையில் ஒரு பெண் இருக்கிறாள், தனிமையை விரும்புகிறவள், தொந்தரவு செய்யக்கூடாது என்று. அவர்கள் பழக்கத்தில், தனியாக இருக்க நினைப்பவரைத் தனியாக விடுவதுதான் மரியாதை. நீங்கள் அவர்களுக்காக ஒதுங்கிப் போகிறீர்கள், அவர்கள் உங்களுக்காக ஒதுங்கிப் போகிறார்கள். இப்படியே இரண்டு வருடமும் போய்விடும்.

அதனால் நேரத்தை மாற்றுங்கள். அம்மாவோடு பேசுவதைக் காலைக்குக் கொண்டுபோங்கள். உங்களுக்கு ஏழரை என்றால் அங்கே மதியம் பன்னிரண்டு. அம்மா சமைத்துக்கொண்டே பேசுவார், இருபது நிமிடம் தாராளமாகப் போதும். தோழிகளை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சமையலறையில் இருங்கள். கடுகு போடுவதற்கு முன்னால் புகைபோக்கி விசிறியை முழு வேகத்தில் போடுங்கள். மிளகாயைக் கருக விடாதீர்கள். கருகினால் நம் வீட்டிலேயே எல்லோரும் இருமத்தான் செய்வோம். மற்றபடி தாளிக்கிற வாசனைக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற வேலையே வேண்டாம். ஊறவைத்த ஹெர்ரிங் மீனை ஜாடியிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறவர்கள் உங்கள் பெருங்காயத்தைப் பார்த்து மயங்கி விழ மாட்டார்கள்.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்பீர்கள். 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறேன்' என்பதோடு முடிந்துவிடும். பொருளை வைத்துக் கேளுங்கள். இந்தத் தயிர் டப்பா எந்தக் குப்பைத் தொட்டியில் போக வேண்டும்? இந்த வாரம் துப்புரவு யார் முறை? அந்த ரொட்டியை எந்தக் கடையில் வாங்கினாய்? குப்பையைத் தரம் பிரிப்பது பற்றி ஒரு ஸ்வீடன் மாணவரிடம் கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் நிறுத்தாமல் சொல்வார். அடுத்த வாரம் அதே ஆளிடம் வேறொன்று. உடனே நெருக்கம் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெயர் தெரிந்தால் போதும்.

ஒரு மாதம் போகட்டும். அதன் பிறகு அவர்கள் வழியிலேயே நீங்களும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: 'அடுத்த புதன் மாலை ஆறு மணிக்குத் தோசை சுடுகிறேன். வருபவர்கள் பெயர் எழுதுங்கள்.' இன்றைக்கு ஒட்டி இன்றைக்கே கூப்பிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். ஒரு வாரம் முன்னால் சொன்னால் வருவார்கள், வருகிறேன் என்று எழுதியவர் ஆறு அடிக்கும்போது வந்து நிற்பார். தோசை என்று நான் சொல்வது வேண்டுமென்றேதான். பால் இல்லை, முட்டை இல்லை, கோதுமை இல்லை. அங்கே ஒவ்வொரு காரிடாரிலும் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சாப்பிடாதவர் ஒருவராவது இருப்பார். அரிசி, உளுந்து, பச்சை மிளகாய், மல்லித்தழைக்கு மால்மோ போங்கள். ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது. ஊர்க்காரர்கள் மொல்லன் என்று சொல்லும் சதுக்கத்தைச் சுற்றி ஆசிய, அரபுக் கடைகள் நிறைய இருக்கின்றன. அந்தக் குளிரில் மாவு புளிக்காது. ஓவனில் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி உள்ளே வைத்துவிடுங்கள். வெளியே 'மாவு இருக்கிறது, ஓவனைச் சூடாக்க வேண்டாம்' என்று இன்னொரு சீட்டு.

சமையலறையை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. லுண்டில் வேறெந்த ஊரிலும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நேஷன் என்ற மாணவர் மன்றங்களைச் சொல்கிறேன்.

இதற்கு ஒரு சின்ன சரித்திரம் உண்டு, மயிலாடுதுறைப் பக்கத்துக்காரியான உங்களுக்குப் பிடிக்கும். லுண்ட் இருக்கும் ஸ்கோனெ மாகாணம் 1658 வரை டென்மார்க்கிடம் இருந்தது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தரங்கம்பாடிக் கோட்டையை 1620இல் கட்டத் தொடங்கிய அதே டேனிஷ் அரசரின் குடிமக்கள்தான் அன்றைக்கு லுண்டில் இருந்தவர்களும். மாகாணத்தைப் பிடித்த ஸ்வீடன், அங்குள்ள பிள்ளைகளை ஸ்வீடன்காரர்களாக ஆக்குவதற்கென்றே 1666இல் இந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. வெவ்வேறு மாகாணத்திலிருந்து வந்த மாணவர்கள் ஊர்வாரியாகச் சேர்ந்துகொண்டு உண்டாக்கியவைதான் நேஷன்கள். மால்மோ, கல்மார், யோட்டபோரி, வெர்ம்லாண்ட் என்று ஊர், மாகாணப் பெயர்களில் பதின்மூன்று இருக்கின்றன. இன்றைக்கு எந்த ஊர்க்காரரும் எதில் வேண்டுமானாலும் சேரலாம். மதியச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச் (காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடு), பப், நடனம், பாட்டு, விளையாட்டு என எல்லாவற்றையும் மாணவர்களே நடத்துகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஆள் பற்றாக்குறை.

நீங்கள் விருந்தாளியாகப் போகாதீர்கள். கையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, தெரியாத கூட்டத்தில் ஓரமாக நின்றுவிட்டு வந்தால் இன்னும் மோசமாக இருக்கும். வேலை செய்யப் போங்கள். ஒவ்வொரு நேஷனிலும் மதியச் சாப்பாட்டுக்கு, பிரஞ்சுக்கு என்று தனித்தனியாகப் பொறுப்பாளர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பி, இந்த ஞாயிறு உதவிக்கு வரட்டுமா என்று கேட்டால் போதும். ஏப்ரனைக் கொடுத்து ஒரு மூட்டை வெங்காயத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் பான்கேக் மாவு கலக்குகிறவர், எதிரில் தட்டுக் கழுவுகிறவர். மூன்று மணி நேரம் சேர்ந்து நின்றால் வாய் தானாகத் திறக்கும். ஸ்வீடன்காரர்களுக்கு வேலையில்லாமல் வெறுமனே பேசுவதுதான் கஷ்டம். கைக்கு ஒரு வேலை இருந்தால் நன்றாகவே பேசுவார்கள். அங்கே நெருங்கிய நண்பர்கள் கிடைத்ததாக என்னிடம் சொன்ன பிள்ளைகளில் வகுப்பறையில் கிடைத்ததாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு. கோரஸ் குழு, மலையேற்றச் சங்கம், நேஷன் சமையலறை, இப்படித்தான் சொல்கிறார்கள். வேலை செய்தவர்களுக்கு நன்றி விருந்தும் உண்டு. நீள மேசை, கையில் பாட்டுத்தாள், பக்கத்தில் யாரை உட்கார வைக்கிறார்களோ அவரோடு பேசியே ஆக வேண்டும். மதுவோ மாமிசமோ வேண்டாம் என்றால் பெயர் கொடுக்கும்போதே குறிப்பிட்டுவிடலாம். யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள்.

ஒரே நேஷனுக்கு, ஒரே வேலைக்கு, திரும்பத் திரும்பப் போங்கள். வாரம் ஒரு இடமாகச் சுற்றினால் எங்கேயும் முகம் பதியாது.

இருட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். டிசம்பர் கடைசியில் லுண்டில் பகல் ஏழு மணி நேரம்தான். மோசமான பகுதியை நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள், ஒவ்வொரு வாரமும் வெளிச்சம் கூடிக்கொண்டு வரும். மார்ச் இருபதாம் தேதி வாக்கில் பகலும் இரவும் சமம். ஜூனில் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருந்து உங்களைத் தூங்க விடாது. அதுவரைக்கும் மதியம் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் தினமும் அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள், தூறல் என்றாலும். அந்த ஊர்க் காற்றுக்குக் குடை நிற்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் தூக்கம் விஷயத்தை நான் லேசாக விட முடியாது. பன்னிரண்டு மணி நேரத் தூக்கம், முன்பு பிடித்த எதிலும் மனம் போகாமை, சாப்பாடு இறங்காமை, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வெறும் ஊர் ஏக்கம் இல்லை. பல்கலைக்கழகத்தின் மாணவர் நல மையத்தில் உளவியலாளர்கள், ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அங்கே நேரம் வாங்குங்கள். வைட்டமின் டி குறைவாக இருக்குமோ என்றும் கேட்டு, தேவையென்றால் சோதித்துக்கொள்ளுங்கள். நம் தோலுக்கு அந்த ஊர்க் குளிர்கால வெயில் போதவே போதாது. எந்த மருத்துவச் சந்தேகத்துக்கும் 1177க்குப் போன் செய்யலாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் 112 என்ற அவசர எண்ணுக்கு. யோசிக்காமல், எந்த நேரமானாலும்.

அடுத்து அந்தப் பாடம். 'அரியர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லோடு நம் ஊரில் ஒட்டிக்கொண்டிருக்கிற அவமானத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டீர்கள் போலிருக்கிறது. அங்கே மறுதேர்வு அன்றாடச் சங்கதி. தேர்வு எழுதும் வாய்ப்புகளுக்கு வரம்பு வைப்பதென்றால் குறைந்தது ஐந்து முறையாவது அனுமதிக்க வேண்டும் என்று நாட்டின் உயர்கல்வி விதியே சொல்கிறது. ஒரே தேர்வாளரிடம் இரண்டு முறை தேறாமல் போனால் வேறு தேர்வாளர் கேட்கவும் உரிமை உண்டு. மறுதேர்வுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. எத்தனையாவது முறை எழுதித் தேறினீர்கள் என்பது பட்டச் சான்றிதழில் வராது.

இதில் உங்களுக்கும் வகுப்பில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்வீடன் மாணவர்களுக்கும் ஐரோப்பிய ஒன்றிய மாணவர்களுக்கும் படிப்புக் கட்டணமே இல்லை. 2011 வரைக்கும் நம் பிள்ளைகளுக்கும் இல்லாமல்தான் இருந்தது. ஸ்வீடன் மாணவர்களுக்குப் படிக்கும் காலத்துக்கு அரசு உதவித்தொகையும் சுலபக் கடனும் வேறு. அதனால் உங்கள் லேப் பார்ட்னர் 'ஆகஸ்டில் பார்த்துக்கொள்கிறேன்' என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனால், அவரால் முடியும். உங்களுக்கு விசாக் கட்டுப்பாடு இருக்கிறது. குடியிருப்பு அனுமதியை நீட்டிக்கும்போது படிப்பில் முன்னேற்றம் இருக்கிறதா என்று குடியேற்றத் துறை பார்க்கும். ஒரு பாடம் போனதால் பயப்பட வேண்டியதில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே போகக் கூடாது.

தேறாமல் போன விடைத்தாளைப் போய்ப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. திருத்திய தாளை மாணவர்கள் பார்ப்பதற்கென்றே ஆசிரியர்கள் ஒரு நேரம் வைப்பார்கள். அது முடிந்துவிட்டிருந்தால் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். ஐந்து மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிற தேர்வு அது. நம் ஊர்ப் பழக்கத்தில் தெரிந்ததை எல்லாம் பக்கம் பக்கமாக எழுதிவைத்தால் மதிப்பெண் விழாது. கேள்வி எதைக் கேட்டதோ அதற்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். எந்தப் படியில் சறுக்கினீர்கள் என்று தெரிந்தால் மறுபடி எல்லாவற்றையும் படிக்கத் தேவையிருக்காது. பழைய வினாத்தாள்களையும் கேட்டு வாங்குங்கள். அங்கே அரசு நிறுவன ஆவணங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, நடந்து முடிந்த தேர்வின் வினாத்தாளும் அதில் சேரும். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும், 'ரெஸ்பெக்டட் சார்' எல்லாம் வேண்டாம். மூன்று வரி போதும்: எந்தப் பாடம், என்ன புரியவில்லை, எப்போது வரலாம். வகுப்பில் எனக்குப் புரியவில்லை என்று சொல்கிற மாணவியை அங்கே மக்கு என்று நினைக்க மாட்டார்கள். ஐந்து மாதம் வாயே திறக்காதவளைத்தான் அவர்களுக்கு எப்படிக் கையாள்வதென்று தெரியாது.

உங்கள் பொறியியல் பிரிவில் மறுதேர்வுகள் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நடக்கும். அதற்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். கெடு தேதி தேர்வுக்குப் பல நாள் முன்னாலேயே முடிந்துவிடும். அதைத் தவறவிட்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கே தேதியைப் பார்த்துக் காலண்டரில் போடுங்கள்.

ஜூனில் என்ன பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். பாடமே பிடிக்கவில்லை, இந்தத் துறையில் வேலை செய்வதாக நினைத்தாலே கசக்கிறது என்றால், அல்லது மருத்துவர் உடல்நிலை கருதிப் போகச் சொன்னால், அல்லது அடுத்த பருவத்துக்குக் கட்டப் பணமே புரளாது என்றால், திரும்பி வாருங்கள், நானே துணை நிற்கிறேன். அப்போதும் படிப்பை ஒரேயடியாக விடுவதற்கு முன்னால் இடைவிடுப்பு கேட்க முடியுமா என்று படிப்பு ஆலோசகரிடமும், அதனால் அனுமதிக்கு என்ன ஆகும் என்று குடியேற்றத் துறையிடமும் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து அறைக்காரர் பேசவில்லை என்பதற்காக மட்டும் வராதீர்கள். பட்டம் முடித்தால் வேலை தேட ஒரு வருடம் வரை அங்கேயே தங்க விண்ணப்பிக்கலாம். புளூடூத் பிறந்த ஊர் அது. மின்னணு, தொலைத்தொடர்புக் கம்பெனிகள் உங்கள் வளாகத்தை ஒட்டியே இருக்கின்றன. கடைசிப் பருவத்து ஆய்வுத் திட்டத்தைக் கம்பெனியிலேயே செய்து, அங்கேயே வேலைக்கும் போகிறவர்கள் உண்டு. கடனை அடைக்க அப்பா மனதில் வைத்திருக்கிற கணக்கும் அதுவாகத்தான் இருக்கும்.

அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். தினமும் சாயங்காலம் மூன்று மணி நேரம் சிரித்த முகத்தோடு போனில் உட்கார்ந்திருப்பது ஒரு வேலை, அது உங்களை அரித்துக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா வழியாக இல்லாமல், அப்பாவையே கூப்பிட்டுப் பேசுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "அப்பா, அக்டோபர்ல எழுதுனதுல ஒரு பேப்பர் போயிடுச்சு. திரும்ப எழுதலாம், அதுக்குத் தனியா பணம் கட்ட வேண்டாம். விசாவுக்கு இப்ப ஒண்ணும் ஆகாது. குளிரு, இருட்டு, கொஞ்சம் தனியா இருக்கிற மாதிரி இருந்துச்சு, அதான் சொல்லல. டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்." இதற்கு மேல் நீங்களாக ஒன்றும் சேர்க்காதீர்கள். எதுவும் பேசாமல் அவர் போனை அம்மாவிடம் கொடுத்துவிடவும் கூடும். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் அவரே கூப்பிடுவார், மறுதேர்வு எந்தத் தேதி என்றுதான் முதலில் கேட்பார். அந்தத் தேதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.